கேக் வெட்டிய கத்தி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டிம்மாவும் சௌக்கியம்தானே? இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் நேற்றிலிருந்து ஒரு நிலையில் இல்லை, பள்ளிக்கூடச் சீருடை பதினோரு பாவாடை ஓரம் அடிக்காமல் மெஷின்மேலேயே கிடக்கிறது. போனில் சொல்ல நா எழாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கத்தியின் படத்தைப் பார்த்து உன் ஆபீஸ் நண்பர்கள் வாயைப் பிளந்தார்கள், அது பேர்போன பட்டாளத்துச் சண்டைக் கத்தி, எத்தனையோ வருஷமாகியும் அந்த வடிவத்தை யாரும் மாற்றவில்லை, மெலிந்த அலகும் வளையம் வளையமான பித்தளைப் பிடியும் அவ்வளவு அழகு, இன்றைக்கும் ஆசை ஆசையாக வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லியிருந்தாய். குட்டியின் முதல் பிறந்தநாளுக்கு அதாலேயே கேக் வெட்ட வேண்டும், அனுப்பு என்றும் கேட்டிருந்தாய். சண்டைக் கத்தியா என்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டாளத்தில் சமையல்கட்டில் இருந்தேன் என்றுதானே உன் அப்பா கல்யாணமான புதிதில் சொன்னார், சமையல்காரர் கத்தி என்று நம்பித்தானே நானும் அதை அடுக்களையில் வைத்தேன். உன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ரிப்பன் கட்டி உன் கையில் கொடுத்தேனே, இரண்டு பக்கமும் கூர் இருப்பது எவ்வளவு வசதி என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல!

சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவிடம் போய், அப்படியே கத்தியையும் துடைத்துக் கொடுங்கள், பேத்திக்கு அனுப்ப வேண்டும் என்றேன். எண்ணெய்க் குப்பி கையிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை. குழந்தை கையில அது வேண்டாம்மா என்றார். ஏன் ஏன் என்று நச்சரித்தேன், அப்புறம்தான் சொன்னார். சமையல்கட்டுக்கு மாற்றியது கடைசி ஒரு வருஷம்தானாம். அதற்கு முன்னால் அந்தக் கத்தியால் ஒருவனை, ரொம்பப் பக்கத்தில், அவன் மூச்சு இவர் முகத்தில் படுகிற அளவுக்கு. இருபது வயசுதான் இருக்கும், மீசைகூட சரியா முளைக்கல என்றார். இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லையடா. கரப்பான்பூச்சி அடிக்கக்கூட என்னைக் கூப்பிடுகிற மனுஷன்! கேக் வெட்டும் நேரம் பார்த்து, கேட்டைப் பூட்டினேனா பார்த்துவிட்டு வருகிறேன் என்று வருஷா வருஷம் எழுந்து போவாரே, இனிப்பைக் கண்டால் ஓடுகிறார் என்று நான் கேலி செய்வேனே, அத்தனை வருஷமும் கேட்டருகே நின்று என்ன பாடு பட்டிருப்பார். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சண்டை பிடித்தேன். நீ ரிப்பன் கட்டிட்டே, பையன் சிரிச்சிட்டிருந்தான், எப்படிச் சொல்றது என்றார்.

கோபித்துக்கொள்ளாதே, கத்தி வராது. உன் நண்பர்கள் சொன்னது பொய்யில்லை, நேற்று மறுபடி எடுத்துப் பார்த்தேன், இத்தனையும் தெரிந்த பிறகும் அழகாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தோடு ஒரு கண்டு வெள்ளை நூல் வைத்திருக்கிறேன். இரண்டு கைக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து மேலிருந்து அழுத்தினால் கேக் பிசிறில்லாமல் அறுபடும், ஒரு முனையைக் குட்டி கையில் கொடு. குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருக்க வேண்டும். வெட்டும்போது மறக்காமல் வீடியோவில் கூப்பிடு. இந்தத் தடவை எழுந்து போகமாட்டேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா