கூடத்துச் சுவரின் மான்கொம்புகள்

மார்ச் 4
மறுபடியும் ஒரு பெண்மான் செத்துக் கிடந்தது. சினை. வாய்க்கால் ஒன்றும் அகலமில்லை. தாண்டியபோதே முன்னங்கால் முறிந்திருக்கிறது. ஆய்வகத்தில் எலும்பைச் சாம்பலாக்கிப் பார்த்தேன். பாஸ்பரஸ் மிகக் குறைவு. மண்ணில் இல்லாதது புல்லில் எப்படி வரும்? தாது உப்புக்கட்டி வைக்கலாமா என்று சரணாலய இயக்குநரிடம் கேட்டேன். "காட்டு மிருகத்துக்குப் பந்தி போடச் சொல்றீங்களா மேடம்?" ஒரே இடத்தில் கூடினால் நோய் பரவும் என்பதும் உண்மைதான்.

மார்ச் 5
சாப்பிடும்போது நிமிர்ந்தேன். சுவர் முழுக்கக் கொம்புகள். ஆண்மான்கள் வருஷந்தோறும் உதிர்ப்பவை. கொம்பும் எலும்புதான்; சத்துக் குறைந்த மான்கள் அதிலுள்ள பாஸ்பரஸுக்காகக் கடித்து மெல்பவை. அதே மேய்ச்சலிலிருந்துதான் இத்தனை காலமும் பொறுக்கி வந்து மாட்டியிருக்கிறோம், அவரும் நானும்.

மார்ச் 9
கேட்டுவிட்டேன். "இதையெல்லாம் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுடலாமா?"
முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "யானைப் பசிக்குச் சோளப்பொரியா? எதுக்கும் கணக்குக் கேக்குறவ நீதானே."
கணக்குப்படி அவர் சொல்வதே சரி. மண்ணின் குறையை ஒரு சுவர் தீர்க்காது. அப்புறம் எதுக்குக் கேட்டேன்? தெரியல.

மார்ச் 10
தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 15
கொம்புகளைத் துடைத்தேன். இடது ஓரத்தில் இருப்பது கல்யாணத்துக்கு முன் கிடைத்தது. மேய்ச்சல் சரிவில் நல்ல மழை. நனைந்த சட்டையில் புல் ஒட்டியிருக்க, அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். "கொம்பு முளைச்சவனுக்குத்தான் உங்க வீட்ல பொண்ணு குடுப்பாங்களாமே?" சிரிப்பை அடக்கிக்கொண்டு அளவு நாடாவை நீட்டினேன். அன்றைய ஈரமண் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. அந்தச் சரிவில் அப்போது எத்தனை மான்கள்!

மார்ச் 16
மற்றவை இருவரும் சேர்ந்து பொறுக்கியவை. அது மட்டும் எனக்கென்று தந்தது, கேட்காமல் எடுக்கலாம். வண்டியில் வைத்தேன்.
"அதையா?"
"அதைத்தான்."
"வேற எதுவுமே கெடைக்கலையா உனக்கு?" அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
அந்தச் சரிவிலேயே போட்டுட்டு வந்துட்டேன். அழுதேனா — இல்லை. கிட்டத்தட்ட.

ஏப்ரல் 26
சரிவுக்குப் போனேன். கொம்பின் கிளைகளைக் காணோம். தண்டில் பல் தடங்கள். எலி கொறித்ததல்ல, கடைவாயில் வைத்து மென்றது. சுற்றிலும் குளம்படி. ஒரு கொம்பால் மந்தை தேறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன்.
வீட்டுக்கு வந்ததும், "இருக்கா?" என்றார்.
"பாதிதான்."
எழுந்து, சுவரைப் பிடித்தபடியே நடந்து, எட்டிய கொம்பை ஆணியிலிருந்து கழற்றினார்.
"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? ஸ்டூலப் போடு. மேல இருக்கறதுக்கு நீதான் ஏறணும்."