ஆட்டுக்கு அடுத்தது

டூசான்,
மார்ச் 4

அன்புள்ள அம்மா,

அன்று அப்பாவின் ஞாபகசக்தியைச் சோதித்த அறையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அம்மா, அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்காதே."

தெரிந்த மிருகங்களையெல்லாம் ஒரு நிமிடத்தில் சொல்லும்படி அந்த ஆராய்ச்சிப் பெண் கேட்டாள். அப்பா ஆடு வரைக்கும் வந்து நின்றுவிட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் ஜெபமாலை உருட்டுவது போல உட்கார்ந்துகொண்டு நீ உதட்டை அசைத்தாய். குதிரை, கழுதை, கோழி. அப்பா உன் வாயைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். பிறகு ரத்தம் எடுக்க வந்த நர்ஸிடம், "இவகிட்டயே எடுங்கம்மா, மத்த எல்லாத்துக்கும் இவதானே பதில் சொன்னா!" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போனில் சொல்லலாமென்றால் நீ ஸ்பீக்கரைப் போட்டு அவரையும் பக்கத்தில் உட்கார்த்திவிடுகிறாய்.

முத்தங்களுடன்,
யாதிரா

சூலா விஸ்டா,
மார்ச் 12

என் கண்ணு யாதிரா,

கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

"வெளியில இருங்கம்மா" என்று அந்தப் பெண் சொன்னாள்தான். நான்தான் அடம்பிடித்து உட்கார்ந்தேன். காலமெல்லாம் லாரி ஓட்டி, ஒரு ஊருக்கும் வழி கேட்காத மனுஷன், ஒரு சின்னப் பெண் முன்னால் முழித்துக்கொண்டு இருப்பதை நான் எப்படிப் பார்ப்பேன்? வீட்டிலும் அவர் பாதியில் நிறுத்தினால் மீதியை நான்தான் சொல்கிறேன். மறதிக்காரர் என்று எழுதிவிட்டார்களானால் என் ஃபெர்மின் எனக்குத் திரும்பக் கிடைப்பாரா, சொல்.

உன் அம்மா,
எதுவிகெஸ்

டூசான்,
மார்ச் 20

அம்மா,

கோபித்துக்கொள்ளாதே. அப்பாவின் ரத்தத்தை உறையவைத்திருக்கிறார்கள். சாப்பாடும் உடம்பும் அதில் விட்டுப்போகும் நுண்பொருட்களை அளந்து, அவற்றில் எவை மறதியோடு சேர்ந்து வருகின்றன என்று பார்ப்பார்கள். இங்கே குடியேறி வந்த நம் ஜனங்களிடம் இதையெல்லாம் யாரும் அதிகம் கேட்டதில்லை. இப்போது கேட்கும்போது ரத்தம் அப்பாவுடையது, பதில் உன்னுடையது என்றால் அவர்கள் என்னத்தைக் கண்டுபிடிப்பார்கள்?

அதை விடு. அப்பாவுக்கு இப்போதே ஒரு வைத்தியர் வேண்டியிருந்தால்? நீ நன்றாகப் பதில் சொன்னதால் அவரை நலமென்று அனுப்பிவிடுவார்கள். போய்ச் சொல்லிவிடு, அம்மா.

யாதிரா

சூலா விஸ்டா,
மே 2

என் கண்ணே,

சொல்லிவிட்டேன். அந்தப் பெண் திட்டவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான்" என்று சிரித்துவிட்டு, வேறொரு நாள் வரச் சொன்னாள். இந்த முறை நான் அறைக்கு வெளியே நடையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா வெளியே வந்தார்.

"ஆடு சொன்னேன். திரும்பிப் பாத்தா நீ இல்ல. ரொம்ப நேரம் ஒண்ணும் வரல."

"அப்புறம்?"

"கழுதை வந்துச்சு. உன் தம்பிய நெனச்சேன்."

அடித்தேன், சும்மா தோளில்.

மறதி தொடங்கியிருக்கிறதாம். சீக்கிரமே காட்ட வந்தது நல்லது என்றார் வைத்தியர். சர்க்கரையும் ஏறியிருக்கிறது; அதற்கு மாத்திரை. சாயங்காலம் இரண்டு பேரும் படகுத்துறை வரை நடக்கிறோம். வழி அவர்தான் சொல்கிறார்.

நேற்று இரவுச் சாப்பாட்டில் எதையோ சொல்ல வந்து பாதியில் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பீன்ஸ் ஆறிப்போயிற்று. அவரே சொல்லி முடித்தார்.

அம்மா