மாஸ்க்கைக் கழட்டச் சொன்னவன்

ஜூன் 7, 2014, சனி

அக்னி முடிந்தும் விழுப்புரம் வேகிறது. லேபில் ஏசி ரிப்பேர். காலையிலிருந்து ரத்தம் எடுத்து எடுத்து விரலெல்லாம் ஸ்பிரிட் வாடை. மதியம் கூட வேலை பார்க்கும் கலா ஒரு நோட்டீஸை மேஜைமேல் போட்டாள்.

"திண்டிவனம் பைபாஸ்ல பெயிண்ட்பால் கிரவுண்டு தொறந்துக்கிறாங்களாம். நீங்க பெங்களூர்ல ஆடினேன்னீங்களே, இதானேக்கா?"

இதுதான். பெயிண்ட் உருண்டைகளைக் கன்னில் போட்டு, துப்பாக்கிச் சண்டை மாதிரி ஒருவரையொருவர் சுடும் ஆட்டம். நோட்டீஸின் கீழே நடத்துபவரின் படம். தொப்பை, நரைத்த மீசை. ஆனால் அதே சிரிப்பு. பிரபாகர்.

சோறு இறங்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது பக்கத்து அம்மாவுக்குக் கைகூப்பினேன். மனதில் அவன் முகம்.

எங்கும் எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். 2003, பெங்களூர். கம்பெனி டீமில் ஆறு பேர். நான் ஒருத்திதான் பெண். பிரபாகர் கேப்டன். ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவுட்டாகிக் கையைத் தூக்கி நின்றேன். "கேம் முடிஞ்சிடுச்சு ஸ்டெல்லா, மாஸ்க்க கழட்டு" என்றான். கழட்டினேன். ஐந்தடியிலிருந்து சுட்டான். தமாஷுக்காம். இடது காது. செவிப்பறை கிழிந்தது. இன்றும் அதில் பாதிதான் கேட்கிறது.

கம்பெனி விசாரணையில், "அவங்களேதான் கழட்டினாங்க" என்றான். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். களத்துக்குள் மாஸ்க்கைக் கழட்டி விதியை மீறினேன் என்று டீமிலிருந்து தூக்கினார்கள். ஆறு மாதத்தில் வேலையையும் விட்டேன். அதற்குப் பிறகு கன்னைத் தொடவில்லை.

ஜூன் 11, புதன்

கலாவிடம் இருவருக்கும் பதிவு செய்யச் சொன்னேன். என் பெயர் வேண்டாம், ராஜி என்று போடு.

வீட்டுக்காரர்: "நாப்பத்தோரு வயசுல இன்னாத்துக்கு இது? முட்டி வலின்னு பொலம்பிக்கினு இருக்கே."

"ஒருத்தனச் சுடணும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வாங்க: முழங்கால் பட்டை, குளுக்கோஸ், முழுக்கைச் சட்டை (பழையது இருக்கா, பார்).

மொட்டை மாடியில் இருபது முறை குந்தி எழ நினைத்தேன். பன்னிரண்டுதான். துடைப்பத்தைத் தோளில் வைத்துக் குறி பார்த்தேன். கை மறக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலை பஸ். முன்பு மல்லாட்டை விளைந்த கொல்லை. டயர் அடுக்கு, டிரம், பச்சை வலை. வெயிலுக்கு என்று முகத்தில் துப்பட்டா சுற்றியிருந்தேன், அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆள் குறைவு என்று அவனே எதிரணியில் சேர்ந்தான். விதிகளையும் அவனே சொன்னான்.

"உள்ள யார் இன்னா சொன்னாலும் மாஸ்க்க கழட்டக்கூடாது. நானே சொன்னாலும்."

துப்பட்டாமேலேயே மாஸ்க்கை மாட்டிப் பட்டையை இறுக்கினேன்.

முதல் ஆட்டத்தில் இரண்டே நிமிடம், அவுட். மூச்சு வாங்கியது. இரண்டாவதில் டயருக்குப் பின்னால் ஊர்ந்து போனேன். டிரம் ஓரத்தில் அவன், கன்னில் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினான்.

"அவுட்டு மேடம், அவுட்டு."

"கேம் முடிஞ்சிடுச்சு பிரபாகர். மாஸ்க்க கழட்டு."

மாஸ்க் பட்டை வரை போன அவன் கை நின்றது.

"ஸ்டெல்லாவா?"

"கழட்டு."

"மாட்டேன். சுட்டுடுவே."

"அன்னிக்கு நான் ஏன் கழட்டினேன்?"

கலாவும் ரெஃப்ரியும் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நான் சொன்னேன். அதான் கழட்டினே."

"விசாரணையில?"

"பொய் சொன்னேன். வேலை போயிடும்னு பயம்."

கேட்க வந்ததைக் கேட்டாயிற்று. அப்புறமும் சுட்டேன். நெஞ்சில், ஐந்து.

அவன் மாஸ்க்கைக் கழட்டியிருந்தால்? அதை இங்கேயும் எழுத மாட்டேன்.

ரெஃப்ரி என்னை வெளியே அனுப்பினார்.  எனக்கு அகோரப் பசி. மூன்று பரோட்டா.

ஜூன் 16, திங்கள்

முட்டி வீக்கம். ஐஸ்.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"காய்ச்சல்ல காது போச்சுன்னுதானே சொன்னே?" எழுந்து சட்டை போட்டார். பிறகு வண்டிச் சாவியை எடுத்தார். "போய் நாலு வெச்சிட்டு வர்றேன்."

"அஞ்சு வெச்சாச்சு. உக்காருங்க."

நோட்டீஸில் இருந்த நம்பருக்குப் பேசினேன். "அந்த நாலு பேருக்கும் உண்மைய நீயே எழுது. நான் பாக்கணும்." சரி என்றான். மன்னிப்பு என்று ஆரம்பித்தான். வைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

மேகம். மழை இல்லை.

பழைய டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டு பிரபாகர் எழுதியிருக்கிறான்: "ஸ்டெல்லா தானா மாஸ்க்கைக் கழட்டல. நான் கழட்டச் சொல்லிச் சுட்டேன். விசாரணையில் பொய் சொன்னேன்."

ஒருத்தன் கும்பிடும் கை. ஒருத்தன் பதிலே இல்லை. ஒருத்தன், "எந்த ஸ்டெல்லா?" கடைசி ஆள், "எனக்கு அப்பவே தெரியும் மச்சான், பழச விடு."

அப்பவே தெரியுமாம். இதைப் பத்துமுறை படித்தேன்.

கிரவுண்டுக்கு வழி எழுதி அனுப்பினேன். இருபத்தொன்பது, ஞாயிறு, காலை ஒன்பது மணி. நாலு பேரும் வாங்க, விளையாடலாம்.

பிரபாகர் தனியாகக் கேட்டான். "நான் எந்தப் பக்கம் ஸ்டெல்லா?"

"அவங்க பக்கம்."