மறுப்பவர் யாருமில்லை

தென்குழி நீர் நிலையம், செவ்வாய்க் கோள்

நாள் 11, காலை 6.10
பம்பு ஓடுகிறது. பனி உருகி ஊருக்குத் தண்ணீர் போகிறது. காற்றழுத்தம் சரி. நான் சீனிச்சாமி, இங்கே ஒற்றை ஆள். எழுதத் தெரியாது, வாயால் சொல்கிறேன், இயந்திரம் பதிந்துகொள்கிறது.

நாள் 12, மாலை 4.00
ஊரில் காற்று இயந்திரம் ஒன்று நின்றுவிட்டது. இணைய மன்றத்தில் முன்மொழிவு வந்திருக்கிறது: தென்குழிக்கு வரும் காற்றை ஊருக்கே திருப்பிவிடுவது. பம்பு ஆளில்லாமலும் ஓடுமாம். நான் ஊர் போய்ச் சேர வண்டி இல்லை, அனுப்பவும் மாட்டார்களாம். ஒரு நாளுக்குள் யாரும் மறுக்காவிட்டால் முன்மொழிவு நிறைவேறும். ஒருவர் மறுத்தாலும் நிற்கும். மறுத்தேன்.

மாலை 5.20
மன்றத்தை நடத்தும் பவளக்கொடி பேசினாள்.

"கோவப்படாதீங்க மாமா. சொந்தக் காரியத்துல யாரும் மறுக்கக்கூடாதுல்ல? உங்க பேச்சு யார் திரையிலயும் வராம மறைச்சு வச்சிருக்கோம். பாத்தா சனங்களுக்குச் சங்கடமா இருக்கும்."

"என் மூச்சு என் சொந்தக் காரியமா, மருமவளே?"

"பாருங்க, நீங்களே ஒத்துக்கிட்டீங்க!"

அந்த விதியைக் கொண்டுவந்தவன் அவள் அப்பன் வேலாண்டி. ஊரில் அவனவன் மறுத்து மறுத்தே தண்ணீர்க் குழாயைத் தன் வீட்டுப் பக்கம் வளைத்த காலம். அன்று அவன் போட்டிருந்த கிழிந்த கையுறைகூட ஞாபகமிருக்கிறது.

நாள் 13, மாலை 4.00
நிறைவேறிவிட்டது. காற்று நின்றது. பவளக்கொடி கூப்பிட்டாள்.

"ரொம்ப நன்றி மாமா. எல்லாரும் உங்களுக்குப் பூப் படம் போட்டிருக்காங்க. தொட்டியில மிச்சம் இருக்கறது நாளைக்குச் சாயங்காலம் வரை தாங்கும்."

மாலை 4.20
நானும் ஒரு முன்மொழிவு வைத்தேன்: ஊருக்குப் போகும் தண்ணீரை நிறுத்துவது. என்னை மறைத்தார்களே தவிர நீக்கவில்லை. மன்றத்தின் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

நாள் 14, மாலை 4.25
ஒருவரும் மறுக்கவில்லை. கண்ணில் பட்டால்தானே. வால்வின் பூட்டைத் திறக்க மன்றத்தின் இயந்திரமே அனுமதி தந்தது. மூடினேன். பம்பையும் நிறுத்தினேன். குழாய் நெடுக உறைந்து வெடிக்கிற சத்தம். இனி யாராலும் சரிசெய்ய ஆகாது.

மாலை 5.40
மூச்சு இழுக்கிறது. கூப்பிடுகிறாள்.

"மாமா, குழாயில தண்ணி வரல. பச்சப் பிள்ளைங்க இருக்கு மாமா! திறந்து விடுங்க. நான் மறுக்குறேன், கேக்குதா? நான் மறுக்குறேன்!"

அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் கனகாம்பரம். நடுவுள்ளவன் வேலாண்டி, தாத்தா பெயர். கடைக்குட்டிக்குப் பெயர் வைத்ததே நான்தான்... என் மடியில் போட்டு... காதில் மூன்று தடவை சொன்னேன்... அந்தப் பெயர்...

அவள் இன்னும் கத்துகிறாள். கொஞ்சம் சும்மா இரு தாயி, பெயர் வரமாட்டேங்கு...