வாசலுக்கு முதுகு காட்டி

என் முன்கோபத்துக்கு முழுப் பொறுப்பாளியான அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நம் வள்ளக்காரர்களின் வலையை மறுபடியும் அறுத்துவிட்டார்கள். தெற்கூர்க்காரர்களின் விசைப்படகு, அந்த லாஞ்சுதான் என்கிறார்கள். யார் கண்டது? ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அதற்குள் நம் பையன்கள் கோயில் முக்கில் உங்களுக்கு ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள்.

எந்தப் படம் தெரியுமா? கவுன்சிலராகி வெள்ளைச் சட்டை போட்ட படமா வைப்பார்கள்? ஊர்ப் படைக்குத் தலைவனாக அரிவாளோடு நின்றீர்களே, அந்தப் படம். பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஜெயிலிலிருந்து வந்தபின் சமாதானம் பேச இரண்டு ஊருக்கும் நடுவே செருப்புத் தேய நடந்ததெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லையா?

ஏணி போட்டு நானே கிழித்தேன். சித்தப்பா மகன் பிரதீப் கீழே நின்று, "ஏக்கா, பெரியப்பா இருந்தா சும்மா இருப்பாரா?" என்றான்.

"இருக்க மாட்டாருலே. இன்னேரம் தெற்கூருக்குப் பேசப் போயிருப்பாரு" என்றேன். அப்புறம்தான் உறைத்தது, இனி நான்தான் போக வேண்டும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

துறைமுக ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு இன்று காலை தெற்கூரில் மிக்கேல் மாமா வீட்டுக்குப் போனேன். உங்கள் படை வீசிய வெடிகுண்டில் வலது கை போனவர். நீங்களும் முதலில் அங்கேதானே போவீர்கள்? வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மாமா இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உங்க அப்பன் இதுலதான் உக்காருவான். வாசலுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவான்" என்றார்.

நம் வீட்டில் சோறு தின்னும்போதுகூட வாசலைப் பார்த்துத்தானே உட்காருவீர்கள், எந்த நேரம் எவன் வருவானோ என்று? அங்கே மட்டும் எப்படி முடிந்தது? பயமாக இருந்ததா அப்பா? என்னிடம் ஏன் சொல்லவேயில்லை?

உட்கார்ந்தேன். பின்னால் முணுமுணுப்பு. மாமா கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டே வலை அறுந்த கதையைச் சொன்னேன். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு ஊரும் அவர் வீட்டிலேயே பேசலாம், அதுவரை தெற்கூர் லாஞ்சு நம் பக்கம் வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

நம் பையன்கள் அதுவரை பொறுப்பார்களா? பிரதீப் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். இருப்புக் கொள்ளவில்லை. இதைக்கூட இரண்டு வரி எழுதுவதும் எழுந்து வாசலுக்குப் போவதுமாகத்தான் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரதீப்பை இழுத்துக்கொண்டாவது போவேன். அதே நாற்காலியில் உட்காருவேன். முதுகு கூசத்தான் செய்யும். ஆனாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன் அப்பா.

உங்கள் கோபத்தையும் நாற்காலியையும் வாங்கிக்கொண்ட மூத்த மகள்,
பெர்னா