நான் தராத விரால்

கும்மிடிப்பூண்டி,
12.3.1978

ஆராய்ச்சியாளர் ஸம்பத்குமார் அவர்களுக்கு, பெரிய ஏரியில் வலை போடும் அப்பாவு வணக்கத்துடன் எழுதுவது.

எங்கள் ஏரி மீன் சாப்பிடத் தகுந்தது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது தவறு. பெரிய மீனைச் சோதிக்காமலே எழுதினீர்கள். பெரிய மீன் கிடைக்கவில்லை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. அந்தத் தாளைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஊர் அதை நம்பித் தின்கிறது.

எழுபத்தாறு ஆடியில் நீங்கள் வந்தது நினைவிருக்கும். காஸ்டிக் சோடா ஆலையிலிருந்து பாதரசம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். கழிவு வாய்க்கால் ஏரியில் விழும் இடத்தில் தண்ணீர் எடுத்தீர்கள், சேறு எடுத்தீர்கள். திருவள்ளூர்க் கோயில் குடும்பத்துப் பிள்ளையான நீங்கள் கைக்குட்டையால் கெண்டையின் வாலைப் பிடித்ததைப் பார்த்து என் மனைவி பச்சையம்மா, "இன்னா சாமி, செத்த மீனு கட்ச்சிடுமா?" என்று கேட்டாள். நீங்களும் சிரித்தீர்கள்.

அன்று என் கூடையில் இரண்டு கிலோ விரால் ஒன்று இருந்தது. அதைக் கேட்டீர்கள். நான் தரவில்லை. எங்களில், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டிலிருந்து பெரிய விரால் சந்தைக்குப் போகாது. அது அவளுக்குத்தான். என் மகள் ரத்னா மசக்கையிலேயே தாய்வீடு வந்திருந்தாள். "பொண்ணு வாய்க்குப் போறத எட்த்து சீசாவுல போடுவாங்களா?" என்றாள் பச்சையம்மா. விரல் நீளக் கெண்டைகளைக் கொடுத்து அனுப்பினேன். நீங்கள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். போன வருடம் பொன்னேரி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். தண்ணீரில் இருப்பதே தெரியாத பாதரசம் சேற்றுப் புழுவில் கூடும். புழுவைத் தின்னும் மீனில் இன்னும் கூடும். மீனைத் தின்னும் மீனில் பல மடங்கு ஆகும். உடம்பை விட்டு எளிதில் போகாது, தாய் தின்றால் வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் போகும். மீனை மீன் தின்னும் என்று அறிய நான் நூலகம் போயிருக்க வேண்டாம். விராலை அறுத்தால் உள்ளே கெண்டைக் குஞ்சுதான் இருக்கும். ஒரு முறை பதினொன்று இருந்தன.

ரத்னாவின் பெண்ணுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. தலை நிற்கவில்லை. விளக்கைக் காட்டினால் கண் அதன் பின்னால் போவதில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பிறவிக் கோளாறு என்கிறார்கள், காரணம் தெரியாதாம். அது அழுவதும் இல்லை. அழாத குழந்தை இருக்கும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. அன்று அந்த விராலைத் தந்திருந்தால் ரத்னாவின் தட்டில் ஒரு மீனாவது குறைந்திருக்கும். நீங்களும் சோதித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்திருப்பீர்கள். அவளுக்கு நடுத்துண்டு எடுத்து வைத்தவன் நான். இன்னும் வேணுமா என்று கேட்டவனும் நான்.

பக்கத்து வீட்டு ரோசம்மாளுக்கு இது மூன்றாம் மாதம். விரால் தின்னாதே என்றேன். அவள் புருஷன் அரசப்பன் சுவரைக் காட்டி, "படிச்சவங்க எழுதிக்கீறாங்க, நீ இன்னா டாக்டரா? பேஜாரு பண்ணாம போ நைனா" என்கிறான்.

சிமெண்டுத் தொட்டியில் நான்கு பெரிய விரால்களை உயிரோடு வைத்திருக்கிறேன். நீங்கள் இந்த வாரமே வந்து எடுத்துப்போக வேண்டும். சோதித்து, வந்த எண்ணை அப்படியே எழுத வேண்டும். முன்பு பெரிய மீனைச் சோதிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். தர மறுத்தவன் அப்பாவு என்று பேர் போட்டே எழுதலாம். சுவரில் இருப்பதைப் பஞ்சாயத்துத் தலைவர் கிழிக்க வேண்டும். வாய்க்காலை ஆலைக்காரர்கள் அடைக்க வேண்டும், மறுத்தால் கலெக்டர் அடைக்க வேண்டும். அதுவரை ரோசம்மாளுக்கு முட்டையும் பருப்பும் பச்சையம்மா கொடுப்பாள், பேசிவிட்டேன். ரத்னாவிடம் சொல்ல வேண்டியது நான். இன்னும் சொல்லவில்லை. சொல்லும்போது நீங்கள் கூட இருக்க வேண்டும்.

அப்பாவு