வாளிக்காரி வாங்கிய கார்

அன்புள்ளவருக்கு,

இங்கே நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? கிரேன் கூண்டில் ஏறி உட்கார்ந்தால் மாலை வரை இறங்க முடியாது என்பீர்களே, இடுப்புக்கு ஏதாவது அணை கொடுத்துக்கொள்ளுங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் விஷயத்துக்கு வருவதற்குள் "சூப்பர்வைசர் கூப்பிடுறார், வைக்கிறேன்" என்கிறீர்கள். கடிதத்தில் என்னை நடுவில் நிறுத்த முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகளின் சேதி. சொன்ன பேச்சைக் கேட்கும் நாட்களில் அவள் என் மகள். கொஞ்ச நாளாக முழுக்க முழுக்க உங்கள் மகள்தான். கார் வாங்கப் போகிறாளாம்! அதுவும் எப்படிப்பட்ட கார் என்கிறீர்கள்? உங்களைவிட வயதில் மூத்தது. உருண்டைக் கண் மாதிரி முன்விளக்கு, வெளிர்நீல நிறம், திறக்கும்போது முனகும் கதவுகள். கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில் இந்த வினை வந்தது. பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருக்கிறது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டு, வீங்கிய கன்னமும் வாய் நிறையப் பஞ்சுமாக "இது விலைக்கா?" என்று கேட்டிருக்கிறாள். வேறு யாருக்கும் அந்தப் பேச்சு புரிந்திருக்காது. டாக்டரம்மாவுக்கு வாயடைத்தவர்கள் பேச்சைக் கேட்பதே தொழில்.

அந்த அம்மா பிராக்டீஸை மூடிவிட்டு மகன் வீட்டோடு போகப் போகிறார். அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. ஓட்டல்காரர் ஒருவர் வண்டியைப் பாதியாக வெட்டிக் கல்லாவாக வைத்துக்கொள்ளக் கேட்டாராம். நல்ல வாங்கு வாங்கி அனுப்பிவிட்டார். நம்முடையவளிடம் மட்டும், "நீயே சம்பாதிச்சு வாங்கு, நான் கிளம்புற வரைக்கும் வேற யாருக்கும் தரமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். எதைப் பார்த்து இந்தச் சலுகை என்று எனக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை அவளுக்கு. எங்கள் முதலாளியின் சலவைக் கடைக்கு அடுத்த அடுக்குமாடிக் கட்டடத்தில், பள்ளிக்குப் போகும் முன் வீட்டுக்காரர்களின் கார்களைக் கழுவுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் தட்டுகளைத் தேய்க்கிறாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்கு "வாளி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். லிஃப்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "வாளி, நாளைக்கு என் வண்டியையும் பாத்துடும்மா" என்கிறார்களாம். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். கூப்பிட்டால்தானே வேலை வரும் என்கிறாள். சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருக்கிறது. களிம்பு தடவிவிட்டால், பேனா வழுக்குகிறது என்று துடைத்துக்கொள்கிறாள்.

இந்தக் காசில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம், படிப்புக்கு ஆகும் என்று சொல்லிப் பார்த்தேன். கார்தான் வேண்டுமென்றால் நாலு வருடம் ஓடிய நல்ல வண்டியாகப் பார்க்கலாமே என்றும் சொன்னேன். "அதெல்லாம் கெட்டா கம்பெனிக்காரன்தான் தொறக்கணும். இதுல எது கெட்டாலும் நாமளே தொறந்து பாத்துக்கலாம்மா" என்கிறாள். அப்பா என்ன சொன்னார் என்று ஒவ்வொரு போனுக்குப் பிறகும் கேட்கிறாள். "அம்மா சொல்றபடி செய்" என்று நீங்கள் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. யோசிக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களே கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசுங்கள், சரி என்றோ வேண்டாம் என்றோ.

அவள் கேட்டபடி, கார் துடைக்கப் பழைய சட்டைகளைப் பார்சலில் அனுப்பியிருந்தீர்கள். கிடைத்தது. மடிப்பெல்லாம் நன்றாக இருந்தது. ஒரு சட்டையில் இரண்டாவது பொத்தான் புதிதாகத் தைத்திருந்தது. நான் பொத்தான் தைத்தால் நூல் இரண்டு கோடாக ஓடும், உங்களுக்கே தெரியும். இதில் பெருக்கல் குறியாக ஓடுகிறது. சுத்தமான தையல்தான், குறை சொல்ல மாட்டேன். உங்கள் விடுதிக்குத் தையல்காரர் யாராவது வருகிறாரா? அந்தச் சட்டையை மட்டும் அவளுக்குத் துடைக்கக் கொடுக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். பதில் எழுத முடிந்தால் எழுதுங்கள்.

என்றும் உங்கள் அன்பு மனைவி


அன்புள்ளவருக்கு,

பதில் வரும் என்று பார்த்தேன். வேலை அதிகம்போல.

உங்கள் மகள் காரை வாங்கிவிட்டாள். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். எதிர்வீட்டு வாத்தியார், இதை ஓட்டுவதா, இல்லை மியூசியத்தில் வைப்பதா என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே அவரையும் தள்ளச் சொல்லிவிட்டாள். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார், பாவம். இப்போது வண்டி நம் வாசலில் நிற்கிறது. பள்ளி விட்டு வந்தால் அதற்கு அடியில்தான் குடித்தனம். முனை ஒர்க்‌ஷாப் மெக்கானிக் அவ்வப்போது வந்து இன்னதைக் கழற்று, இன்னதை மாற்று என்று சொல்லிவிட்டுப் போகிறார். பிரேக் முழுக்கப் புதுசாகப் போட்ட பிறகுதான் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. போன வாரம் முதல்முறையாக என்ஜின் ஓடியது. அந்தப் புகையில் எங்கள் கடைக்குக் கொண்டுபோக வைத்திருந்த ஓட்டல் மேசைவிரிப்பு பாழ். திரும்ப வெளுத்தேன். திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் திட்ட வாய் வராது.

இனி எழுதப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

உங்களோடு வேலை பார்க்கும் வெல்டர் தம்பி லீவில் வந்தவர், நீங்கள் கொடுத்தனுப்பிய பையைக் கொண்டுவந்தார். வாசல் படியில்தான் உட்கார்ந்தார். நீங்கள் மெலிந்து போயிருப்பீர்களோ, கேன்டீன் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதோ என்று கேட்டுவைத்தேன். "அண்ணனப் பத்திக் கவலையே படாதீங்க அண்ணி, இப்பல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. யார் சமைப்பது என்று நான் கேட்கவில்லை. அந்தத் தம்பியைக் கோபிக்காதீர்கள். பொய் சொல்லத் தெரியாதவர்.

நம் பெண் அப்போது வண்டிக்கு அடியில் படுத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியே தெரிந்தது. பாட்டுக்கு ஆடுகிற மாதிரி ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன பிறகு அது ஆடவில்லை. கேட்டாளோ இல்லையோ, தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்பேனர் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் கடையில் ஒரு வெள்ளைக் கோட்டுச் சட்டையின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தது வைத்தபடி நின்றுவிட்டேன். வாடை வந்த பிறகுதான் எடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் கருக்கிய முதல் துணி அது. முதலாளி ஒன்றும் கேட்காமல் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வண்டிச் சாவியின் இன்னொரு ஜோடியைக் கொடுக்க டாக்டரம்மா வந்திருந்தார். கூடுதல் விலைக்கு ஆள் இருந்தும் இவளுக்கே ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எல்லாரும் எவ்வளவு மைலேஜ் குடுக்கும், வித்தா எவ்வளவு போகும்னுதான் கேட்டாங்க. இவ மட்டும், இது ரொம்ப தூரம் தாங்குமான்னு கேட்டா. எங்க போகணும்னேன். அப்பா வேலை பாக்குற ஊருக்குன்னா."

நான்தான் இதைப் பகட்டு என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை, கான்ட்ராக்ட் நீண்டுவிட்டது, டிக்கெட் இல்லை என்று நீங்கள் சொன்னதையெல்லாம் அவள் அப்படியே நம்பியிருக்கிறாள். அப்பா வர முடியாவிட்டால் நாம் போவோம் என்று வாளியைத் தூக்கியிருக்கிறாள்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸும் வந்துவிட்டது. பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறாள். டாக்டரம்மாவின் மகன் வீடு உங்கள் ஊருக்கு வரும் சாலையில்தான் இருப்பதால், பாதி தூரம் அவரும் கூட வருகிறார். ராத்திரி அங்கே தங்கிவிட்டு விடிந்த பிறகுதான் மீதி. என்னையும் கூப்பிட்டாள். கடையில் லீவு இல்லை என்றேன். பொய் சொல்வது எனக்கும் வருகிறது.

அவளைத் தடுக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். ஆனால் அது நான் சொல்ல வேண்டிய வாக்கியம் இல்லை. நான் சொன்னால் ஒரு மனைவியின் கோபமாகிவிடும். நீங்கள் சொன்னால்தான் அப்பா சொன்னதாக இருக்கும். கிளம்பும் முன் போனில் சொல்வீர்களோ, எதிரில் உட்கார வைத்துச் சொல்வீர்களோ, உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவ்வளவு தூரம் ஓட்டி வந்த பிள்ளை கதவைத் தட்ட, உள்ளேயிருந்து வேறு யாரோ வந்து "யார் வேணும்?" என்று கேட்க, அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்படி வைத்துவிடாதீர்கள்.

எனக்கு நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம். அவளுக்கு முன்னால் வந்து நில்லுங்கள்.

உங்கள் மனைவி


நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அவள் பத்திரமாகத் திரும்பிவிட்டாள். கிளட்ச் கொஞ்சம் உறுமுகிறது, மற்றபடி வண்டிக்கும் சேதமில்லை. வந்ததும் வீட்டுக்குள்கூட நுழையாமல் வண்டியைக் கழுவினாள். கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தாள். நான் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாகக் கூடவே நின்றேன். முழுக்கத் துடைத்து முடித்த பிறகுதான் பேசினாள்.

உங்கள் ஊர் எல்லையில் பாலம் தாண்டியதும் இருக்கும் பெட்ரோல் பங்கில் நீங்கள் காத்திருந்ததைச் சொன்னாள். வண்டி அங்கே போய்ச் சேரும்போது ரேடியேட்டர் கொதித்துவிட்டதாம். என்ஜின் ஆறும்வரை மூடியைத் திறக்கவும் முடியாது, வண்டியை எடுக்கவும் முடியாது. முன்சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது நீங்களே சொன்னீர்களாம். எதையும் மறைக்கவில்லை, தன் கையைப் பிடித்துக்கொள்ளவும் முயற்சி செய்யவில்லை என்றாள். அது உங்களுக்குச் சாதகமாகச் சொன்னது என்றுதான் எனக்குப் பட்டது.

உனக்கு அதிர்ச்சியாக இருந்ததா என்று கேட்டேன். "வெல்டர் மாமா வந்தன்னைக்கே தெரியும்மா. அப்பா வாயால கேக்கணும்னுதான் போனேன்" என்றாள். அவ்வளவு நாளும் தெரிந்துகொண்டேதான் ஸ்பேனர் கேட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் பிரேக்கைச் சரிபார்த்திருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரே வீட்டில் ஊமைகளாக இருந்திருக்கிறோம்.

பிறகு நீங்கள் இப்போது இருக்கும் அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்டாளாம். நீங்கள் தயங்கிவிட்டுக் கூட்டிப்போனீர்களாம். அங்கே உங்கள் சின்னப் பையன் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அடித்துக்கொண்டே இறங்க மாட்டேன் என்றானாம். "வாத்து மாதிரி கத்துதுன்னு சிரிச்சுக்கிட்டே இருந்தாம்மா. காது அப்பாவுக்கும் அவனுக்கும் ஒரே மாதிரி" என்றாள். நமக்கு ஒரு பையன் பிறந்திருந்தால் அப்படித்தான் காது இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது. உடனே உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

அந்தப் பெண் அதிகம் பேசவில்லையாம். வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாராம். வாங்கிக்கொண்டாயா என்றேன். வாங்கிக்கொண்டேன் என்றாள். சாப்பிட்டாயா என்றேன். கொஞ்சம் தரையைப் பார்த்துவிட்டு, "பசிச்சுதும்மா" என்றாள். பசித்தால் சாப்பிடத்தானே வேண்டும் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும்தான்.

என்னைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது நல்ல வாக்கியமாக இருக்கும், உண்மையாக இருக்காது. வீட்டைப் பற்றியும் மற்றதைப் பற்றியும் பேச நீங்கள் ஒருமுறை வரத்தான் வேண்டும். அதற்கு நாள் நான் சொல்கிறேன். அதுவரை வேண்டாம்.

இப்போது அவள் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொடுக்கும்போது வாத்தியாரம்மா மாதிரி மிரட்டுகிறாள். நேற்று ரிவர்ஸ் எடுக்கப் போய் எதிர்வீட்டு வாத்தியாரின் பூந்தொட்டியை உடைத்துவிட்டேன். தொட்டி வாங்கித் தருகிறேன் என்றால், ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு ரவுண்டு கூட்டிக்கொண்டு போங்கள், கணக்குத் தீர்ந்தது என்கிறார்.

அடுத்த விடுமுறைக்கும் அங்கே வருவதாகச் சொல்கிறாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவ்வளவு தூரம் போய் வந்ததில் உனக்கு என்ன பிடித்தது என்று கேட்டபோது, மலை ஏற்றத்தைச் சொல்வாள், டாக்டரம்மா வழியெல்லாம் சொன்ன கதைகளைச் சொல்வாள் என்று நினைத்தேன். பாலத்தின் மேல் வரும்போதே உங்களைப் பார்த்துவிட்டாளாம். பங்கின் போர்டு நிழல் விலகிப்போன பிறகும் வெயிலிலேயே நின்று, வரும் ஒவ்வொரு வண்டியையும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். அதைத்தான் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் நன்றாக இருந்தது.

அடுத்த முறையும் அப்படியே வந்து நில்லுங்கள்.

அவளுடைய அம்மா